கன்றின் பங்கு

கருணைக்கு எல்லை உண்டா என்ற வினாவைத் தத்துவ விசாரமாக மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது எளிது. அதே வினா அன்றாடம் உண்ணும் ஆகாரத்தைத் தொட்டு, காலையில் அருந்தும் காப்பியும் மதியம் பிசையும் தயிர்ச்சாதமும் எங்கிருந்து வந்தன என்று கேட்கத் தொடங்கும்போதுதான் அதன் கனம் நமக்குத் தெரிகிறது. புலால் மறுத்தோர் பல காலங்களிலும் பல தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள். இறைச்சியில் கொலை வெளிப்படையாக நிற்பதால், அதை விலக்கத் துணிந்தவர்களுக்குத் தம் காரணத்தை நிறுவ நீண்ட வாதம் தேவைப்படவில்லை. பாலின் விஷயம் அப்படியன்று. பசு உயிரோடு நிற்கிறது. பாத்திரத்தில் நுரைக்கும் வெண்மையில் இரத்தத்தின் சுவடே இல்லை. ஆகையால் புலாலை விட்டவர்களுள்ளும் மிகப் பெரும்பாலோர் பாலின் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அந்த வாசலைத் தாண்டிச் சென்ற ஒரு சிறு கூட்டத்தின் சரித்திரந்தான் இன்று வீகன் இயக்கம் என்றும் நனிசைவம் என்றும் வழங்கும் நெறியின் சரித்திரம். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் அதைப் புதியதோர் உணவு மோஸ்தரின் கதையாக எண்ணக்கூடும். ஊன்றிப் பார்க்கிறவர்களுக்கோ, காணாத துன்பத்தையும் கண்ட துன்பத்துக்கு நிகராக மதிக்கப் பழகிய மனங்களின் கதையாக அது விரிகிறது.

அந்தக் காணாத துன்பம் எது என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பசு பால் சுரப்பது கன்று ஈன்றதனால். ஒன்பது மாதத்துக்கும் சற்று மேலாகக் கருவைச் சுமந்து ஈன்றபின், அந்தக் கன்றை வளர்ப்பதற்கென்று அதன் உடல் பாலை உண்டாக்குகிறது. கறவை இடைவிடாமல் நடக்க வேண்டுமானால் பசு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை ஈன்றுகொண்டே இருக்க வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்றுகள். பால்பண்ணையின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. மேலைநாட்டுப் பண்ணைகளில் கன்றைப் பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தாயிடமிருந்து பிரிப்பது வழக்கம்; காளைக்கன்று இளங்கன்றிறைச்சிக்குப் போகும், அல்லது பிறந்தவுடன் கொல்லப்படும். இயல்பாக இருபது ஆண்டுவரை வாழக்கூடிய பசுவும், கறவை குறைந்ததும், ஐந்தாறு வயதிலேயே கன்று போன வழியே போகிறது. ஆக, பால் கறக்கும் தொழிலும் இறைச்சித் தொழிலும் இரண்டு வேறு தொழில்களல்ல. ஒரே தொழிலின் இரண்டு முகங்கள். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், வீகன் நெறியின் மற்ற வாதங்கள் அனைத்தும் அதிலிருந்து கிளைத்தவையே என்பது விளங்கும்.

ஒரு மனிதன் இந்த வினாவைத் தன்னந்தனியாகத் தனக்குள் கேட்டுக்கொண்டதற்கான பழைய சான்றுகளுள் ஒன்று சிரியா நாட்டிலிருந்து கிடைக்கிறது. 973இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே வைசூரியால் பார்வையை இழந்து, பின்னாளில் அரபு இலக்கியத்தின் மகாகவிகளுள் ஒருவராகப் போற்றப்பட்ட அபுல் அலா அல்மஅர்ரி, பாக்தாதில் சில காலம் தங்கியிருந்து சொந்த ஊருக்குத் திரும்பியபின் வீட்டுக்குள் ஒடுங்கி, இறைச்சியோடு பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் நீக்கி எளிய வாழ்வு வாழ்ந்தார். தாய் தன் குட்டிக்கென்று சுரந்ததையும், தேனீ தனக்கென்று சேர்த்ததையும் மனிதன் அபகரிப்பது நியாயமன்று என்பது அவருடைய கொள்கை. அக்காலத்தில் எகிப்தை ஆண்ட பாத்திமி கலீபாக்களின் தரப்பைச் சேர்ந்த பேரறிஞர் ஒருவர் இதற்குக் காரணம் கேட்டு அவரோடு கடிதப் போக்குவரத்தே நடத்தினார் என்றால், அந்தத் தவிர்ப்பு அவர் காலத்தவருக்கு எவ்வளவு விந்தையாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம். 1057இல் அவர் காலமானார். அவருக்குச் சீடர்கள் உண்டு. ஆனால் அவருடைய ஆகார விரதம் ஓர் இயக்கமாக வளரவில்லை. தனி மனிதனின் மனச்சாட்சி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அது பிறரோடு பகிரத்தக்க ஒழுங்காக மாறுவதற்குக் காலமும் ஸ்தாபனமும் வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்வு நல்ல நிரூபணம்.

அந்த ஒழுங்கு உருவெடுத்த மண் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து. வில்லியம் லாம் என்ற லண்டன் வைத்தியர் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மண்ணில் விளைவனவும் சுத்தமான நீருமே மனிதனுக்குரிய ஆகாரம் என்று தம் நோயாளிகளுக்கு உபதேசித்துத் தாமும் அப்படியே வாழ்ந்தார். கவி ஷெல்லி 1813இல் இயற்கை உணவை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார். 1838இல் சர்ரே மாவட்டத்தின் ஹாம் காமன் என்னுமிடத்தில் ஜேம்ஸ் பியர்பாயின்ட் கிரீவ்ஸ் என்பவரின் தூண்டுதலால் தோன்றிய ஆல்காட் ஹவுஸ் என்ற பள்ளியும் ஆசிரமமும் சேர்ந்த அமைப்பில், பாலையும் முட்டையையும்கூட விலக்கிய கடுமையான உணவு முறை அனுஷ்டிக்கப்பட்டது. அந்த ஆசிரமத்தாரும், சால்ஃபோர்டு நகரத்தில் புலால் மறுப்பைத் தம் மத விதியாகவே கொண்டிருந்த பைபிள் கிறிஸ்துவ சபையினரும், 1847 செப்டம்பர் 30ஆம் தேதி ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் கூடி வெஜிடேரியன் சொசைட்டியை நிறுவினார்கள். எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் சால்ஃபோர்டுக்காரர்கள். அவர்கள் பாலும் முட்டையும் உண்பவர்கள். சங்கத்தில் சேருகிறவர் இறைச்சியையும் மீனையும் கோழியையும் விலக்கினால் போதும், மற்றவை அவரவர் விருப்பம் என்று முடிவாயிற்று. அன்று அந்தச் சமரசம் செய்யப்படாவிடில் சங்கமே எழுந்திராது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமரசத்தின் அடியில் புதைந்த வினா மறுபடி எழுந்து நிற்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்பதும் அதே அளவு உண்மை.

ஆல்காட் ஹவுஸின் கிளையாக அட்லாண்டிக்குக்கு அப்பால் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1843 ஜூனில், அமெரிக்கத் தத்துவவாதி பிரான்சன் ஆல்காட்டும், ஆல்காட் ஹவுஸிலிருந்து அவரோடு கப்பலேறிய சார்லஸ் லேனும், மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஹார்வர்டு கிராமத்தில் ஏறக்குறையத் தொண்ணூறு ஏக்கர் நிலத்தில் ஃப்ரூட்லாண்ட்ஸ் என்ற சமூகக் குடியேற்றத்தை ஆரம்பித்தார்கள். இறைச்சியும் பாலும் முட்டையும் தேனும் அங்கே இல்லை. கம்பளி ஆட்டினுடையது என்பதால் அதுவும் இல்லை. ஏரில் மாடு பூட்டுவதும் கொள்கைக்கு விரோதம். பருத்தித் துணியையும் அவர்கள் தொட மறுத்தார்கள்; அமெரிக்கத் தெற்கின் பருத்தி அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதே காரணம். ஆகவே ஆளிச்செடியின் நாரில் நெய்த லினன் ஆடையை உடுத்தினார்கள். மிருகத்தின் மீதான அதிகாரத்தையும் மனிதன் மீதான அதிகாரத்தையும் ஒரே தீமையின் இரண்டு வடிவங்களாகக் கண்ட அந்தப் பார்வை மிகப் பெரியது. ஆனால் பயிரிடும் அனுபவம் அவர்களுக்கு இல்லை. பருவம் தவறிப் போயிற்று. ஆடவர்கள் தத்துவ உரையாடலுக்காக ஊர் ஊராகச் சென்றிருக்க, வீட்டின் வேலைச் சுமையெல்லாம் ஆல்காட்டின் மனைவி அபிகெயிலின் தலையில் விழுந்தது. 1844 ஜனவரியில் குடியேற்றம் கலைந்தது. அப்போது பதினொரு வயதுச் சிறுமியாக இருந்த அவர்களுடைய மகள் லூயிசா மே ஆல்காட், பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளராகி, அந்த மாதங்களைப் பற்றி நையாண்டியாக எழுதினார். மாட்டின் நுகத்தை நீக்கிய அதே வீட்டில் ஒரு பெண்ணின் தோளில் நுகம் ஏறியதை அவர் மறக்கவில்லை. கருணையின் எல்லையை விரிக்கப் புகுகிறவர்கள் தம் வீட்டின் உள்ளேயும் அதை விரிக்க வேண்டும் என்பது ஃப்ரூட்லாண்ட்ஸ் விட்டுச்சென்ற பாடம்.

புதைந்த வினா இங்கிலாந்தில் முளைவிட்டது 1909ஆம் ஆண்டையொட்டி. பாலும் முட்டையும் உண்பது சைவ நெறிக்குப் பொருந்துமா என்ற விவாதம் வெஜிடேரியன் சொசைட்டியின் பத்திரிகையில் வாசகர் கடிதங்களாகத் தொடங்கி, மூன்றாண்டு ஓயாமல் நடந்தது. இறுதியில், பாலுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட சமாதானங்கள் திருப்தியளிப்பவையாக இல்லை என்று பத்திரிகையே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இதே காலத்தில், 1910இல், ரூபர்ட் வெல்டன் என்பவர் மிருகப் பொருள் எதுவும் சேராத சமையல் முறைகளைக் கொண்ட நூலொன்றை லண்டனில் வெளியிட்டார். கொள்கையளவில் தோல்வியுற்ற வாதம் வழக்கத்தில் வென்றுகொண்டே இருப்பது மனித சமூகத்தில் புதிதன்று; பால் விஷயத்திலும் அப்படியே நடந்தது.

அந்த வினாவைத் தன் உடலையே களமாக்கிப் பரீட்சித்தவர் காந்தியடிகள். 1888இல் லண்டனுக்குப் படிக்கச் சென்ற இளைஞர், புலால் உண்பதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகப் பசியோடு தெருத்தெருவாக அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவுச்சாலையைக் கண்டுபிடித்து, அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கிப் படித்து, அதுவரை வாக்குக்காகக் காத்த விரதத்தை அன்று முதல் கொள்கைக்காகக் காக்கத் தொடங்கினார் என்பது பலர் அறிந்த செய்தி. சால்ட் ஈட்டன் பள்ளியின் ஆசிரியர் பதவியைத் துறந்து வந்தவர்; 1892இல் மிருகங்களின் உரிமை பற்றி நூல் எழுதியவர்; சிறைச் சீர்திருத்தமும் பிராணிகளின் பாதுகாப்பும் ஒரே தர்மத்தின் அம்சங்கள் என்று வாதித்த ஹியூமானிட்டேரியன் லீக் என்ற சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். அவர் மூட்டிய சிந்தனை காந்தியின் உள்ளத்தில் இருபதாண்டுக்கு மேல் கனன்று, தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு சங்கற்பமாக வெளிப்பட்டது.

ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில், 1,100 ஏக்கர் பரப்பில், ஹெர்மன் கல்லென்பாக் என்ற கட்டடக் கலைஞர் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக 1910இல் அளித்த அந்தப் பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காந்தியே, தமக்குத் தெரிந்த சொற்பத் தமிழைக் கொண்டு, பாடம் சொன்னார். பால் புலனடக்கத்துக்கு இடையூறு என்ற எண்ணம் அவருக்கு முன்பே உண்டு. கல்கத்தாவில் கறவையைப் பெருக்குவதற்காகப் பசுக்களையும் எருமைகளையும் மாட்டுக்காரர்கள் வதைக்கும் முறையைப் பற்றிய பிரசுரங்கள் அவர் கைக்குக் கிடைத்தபோது அந்த எண்ணம் உறுதியாயிற்று. 1912இல் அவரும் கல்லென்பாக்கும் பாலை விட்டார்கள். ஆறாண்டு கழித்து, கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தபோது சீதபேதி கண்டு அவர் சாகக் கிடந்தார். பால் அருந்தாமல் உடம்பைத் தேற்ற வழியில்லை என்றார் பம்பாய் வைத்தியர். விரதம் எடுத்தபோது பசுவையும் எருமையையும்தானே நினைத்தீர்கள், ஆட்டுப்பாலுக்குத் தடை என்ன என்று கஸ்தூரிபா கேட்டார். வாழ்ந்து செய்ய வேண்டிய காரியங்கள் முன்னிற்க, அவர் இசைந்தார். விரதத்தின் எழுத்தைக் காத்தேன், அதன் ஆன்மாவைக் கொன்றேன் என்ற உணர்வு அவரை விட்டு நீங்கவே இல்லை. தம் சுயசரிதையில் அந்த வேதனையை மறைக்காமல் எழுதி, பாலுக்கு ஈடான ஒரு தாவரப் பொருளை அனுபவத்தில் அறிந்தவர்கள் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வேண்டுகோளும் விடுத்தார். 1931 நவம்பர் 20ஆம் தேதி லண்டன் சைவ சங்கத்தில் அவர் பேசியபோது, எண்பதாம் வயதிலிருந்த சால்ட் அவருக்கு அருகில் அமர்ந்திருந்தார். ஆரோக்கியத்தைக் காரணமாக வைத்துக் கட்டிய சைவம் நிலைக்காது, தர்மத்தின் மேல் கட்டியதே நிலைக்கும் என்பது அன்றைய உரையின் சாரம்.

அவருடைய வேண்டுகோளுக்கு விடை தேடும் பணியை ஏற்றவர்கள், ஒரு மகா யுத்தத்தின் நடுவே, இங்கிலாந்தின் மிகச் சாதாரண மனிதர்கள். டொனால்ட் வாட்சன் யார்க்‌ஷயரின் சுரங்கத் தொழிலாளர் ஊரான மெக்ஸ்பரோவில் 1910இல் பிறந்தவர். சிறுவனாக அவர் விடுமுறை கழித்த சிற்றப்பாவின் பண்ணை அவருக்குச் சொர்க்கமாக இருந்தது. அங்கே ஒரு பன்றி கொல்லப்பட்ட நாளில், அந்தச் சொர்க்கம் மரண தண்டனைக் கைதிகளின் முற்றமாக அவர் கண்ணுக்கு மாறியது. பதினான்காம் வயதில் புலாலை விட்டார். தச்சு வேலை பயின்று, பள்ளிகளில் மரவேலை ஆசிரியரானார். யுத்தம் வந்தபோது, கொல்லுவதில்லை என்ற மனச்சாட்சியின் பேரில் படையில் சேர மறுத்துப் பதிவு செய்துகொண்டார். பாலைப் பற்றிய ஐயம் அவருக்கு இந்த ஆண்டுகளில் உறுதியான கொள்கையாயிற்று. 1944இல், பால் விலக்கிய உறுப்பினர்களுக்கென்று ஒரு பிரிவும் பத்திரிகையில் சிறிது இடமும் வேண்டும் என்று அவரும் நண்பர்களும் வெஜிடேரியன் சொசைட்டியைக் கேட்டார்கள். சொசைட்டி மறுத்துவிட்டது, தனியே அமைப்பு கண்டுகொள்ளுங்கள் என்றது.

அந்த நவம்பரில், லண்டன் ஹோல்பர்னில் ஆட்டிக் கிளப் என்ற இடத்தில், வாட்சனும் எல்சி ஷ்ரிக்லியும் வேறு சிலரும் கூடி வீகன் சொசைட்டியை நிறுவினார்கள். புதிய பெயரை உருவாக்கியதில் வாட்சனின் மனைவி டாரதிக்கும் பங்கு உண்டு. வாட்சன் தாமே தட்டச்சு செய்து, தாமே தைத்து, இரண்டு பென்ஸ் விலையில் வெளியிட்ட ‘வீகன் நியூஸ்’ முதல் இதழுக்குச் சந்தாதாரர்கள் 25 பேர். உணவுப் பொருள் பலவும் பங்கீட்டு அட்டையில் கிடைத்த காலம் அது. சைவர்களுக்கு இறைச்சிக்குப் பதிலாகக் கூடுதல் பாலாடைக்கட்டி தரச் சர்க்கார் ஏற்பாடு செய்திருந்தது. அந்தச் சலுகையையும் தம் கையால் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் பயறுகளையும் கொண்டு முழு உணவு சமைக்க முடியும் என்று அவர்கள் காட்ட வேண்டியிருந்தது. ஃபே ஹெண்டர்சன் 1946இல் வெளியிட்ட சமையல் நூல் அந்த நிரூபணத்தின் ஒரு பகுதி. குண்டு வீச்சில் நகரங்கள் இடிந்துகொண்டிருக்கையில் கன்றுக்குட்டியின் நியாயத்தைப் பேசுவது அற்பம் என்று அன்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். நான் அதை வேறுவிதமாகக் காண்கிறேன். மனித உயிரே மலிவாகிவிட்ட ஒரு காலத்தில், மிக எளிய உயிரின் மதிப்பையும் குறைக்கமாட்டேன் என்று சொல்லச் சிலர் முன்வந்தது, மானுடத்தின் பேரில் அவர்கள் வைத்த நம்பிக்கையின் வெளிப்பாடேயாகும்.

நெறி பிறந்துவிட்டது, அதற்கு இலக்கணம் இல்லை. இதை 1949இல் சுட்டிக்காட்டியவர் லெஸ்லி கிராஸ். மனிதனின் சுரண்டலிலிருந்து மிருகங்களை விடுதலை செய்வதே இதன் கோட்பாடு என்று அவர் வரையறுக்க, 1951இல் சங்கம் அதை ஏற்றது. உணவோடு நில்லாமல், உடை, வேலை, வேட்டை, ஆய்வுக்கூடத்து உயிர்வதை அனைத்தும் அந்த வரையறைக்குள் வந்தன. இந்த மாற்றத்தின் ஆழம் கவனிக்கத்தக்கது. பத்திய முறையாகவோ தேகசுத்தியாகவோ ஆன்மசுத்தியாகவோ எண்ணப்பட்டவரை, உண்பவனே சிந்தனையின் மையமாக இருந்தான். அவன் தூய்மை கெடுமா, அவன் புலன் அடங்குமா என்பதே பேச்சு. கிராஸ் அந்த மையத்தைப் பசுவினிடத்துக்கு மாற்றினார். அடிமைக்குக் கருணை காட்டுவதினும் அடிமைத்தனத்தை ஒழிப்பது வேறு என்று முந்திய நூற்றாண்டு கற்றுக்கொண்ட பாடத்தை இவர் மிருகங்களுக்கும் உரியதாக்கினார். பிற்காலத்தில், 1988இல் நிலைபெற்ற வரையறையில், இயன்ற மட்டும், நடைமுறைக்கு ஒத்த மட்டும் என்ற நிபந்தனையும் இடம்பெற்றது. சிலர் அதைத் தளர்வு என்பார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் வழியில்லாத ஏழைக்கும் வேறு பயிர் விளையாத நிலத்தில் வாழ்கிறவனுக்கும் அறத்தின் வாசல் அடைபடாதிருக்க அந்த நிபந்தனை அவசியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஃப்ரூட்லாண்ட்ஸ் அறியாமற்போன ஞானம் அது.

கிராஸ் வரையறையோடு ஓய்ந்துவிடவில்லை. கன்றின் பாலை எடுக்காதே என்று சொல்லுகிற இயக்கம், தாய்ப்பால் மறந்த குழந்தைக்கும் மெலிந்த நோயாளிக்கும் என்ன கொடுப்பது என்பதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டது என்று அவர் நம்பினார். 1956இல் தாவரப்பால் சங்கத்தை நிறுவினார். ஆண்டுக்கணக்கான முயற்சிக்குப் பின் 1965இல் சோயாப்பால் விற்பனைக்கு வந்தது. சீனத்தில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்த ஒரு பானம் இங்கிலாந்தில் ஒரு தர்மத்தின் கருவியாக மறுபிறவி எடுத்தது. காந்தியின் வேண்டுகோள் இப்படி, அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், அவர் இளமையில் கொள்கை கற்ற தேசத்திலேயே செயல் வடிவம் பெற்றது.

உடலின் நியாயமும் தன் பங்கைக் கேட்டது. தொடக்கக் கால வீகன்களில் சிலர் சில ஆண்டுகளில் சோர்வும் நரம்புக் கோளாறும் கண்டு துன்புற்றார்கள். 1948இல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த பி12 என்ற வைட்டமின் தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை என்பதும், அதை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள் என்பதும் மெல்ல மெல்லத் தெளிவாயின. கொள்கை வெறியர்கள் இந்த உண்மையை மறுத்திருக்கலாம். அந்தச் சபலத்துக்கு இயக்கம் ஆட்படவில்லை. நொதித்தலின் மூலம் தயாராகும் பி12ஐ மாத்திரையாகவோ உணவில் சேர்த்தோ தவறாமல் கொள்ள வேண்டும் என்பதைத் தன் உபதேசத்தின் முதல் வரிகளிலேயே சேர்த்துக்கொண்டது. அறமும் விஞ்ஞானமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் இதே சுடரை ஏற்றியவர் ஜே டின்ஷா. பம்பாய்ப் பார்சி ஒருவருக்கு நியூ ஜெர்சியில் மகனாகப் பிறந்து, குழந்தை முதலே பாலுணவுச் சைவராக வளர்ந்த அவர், 1957இல் ஃபிலடெல்ஃபியாவின் கொலைக்களம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து முழு வீகனானார். 1960இல் அமெரிக்க வீகன் சொசைட்டியைத் தோற்றுவித்து, அதன் பத்திரிகைக்கு ‘அஹிம்ஸா’ என்றே பெயர் சூட்டினார். பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1964இல் ரூத் ஹாரிசன் தொழிற்சாலைப் பண்ணைகளின் உட்புறத்தை ஆங்கில வாசகர்களுக்குக் காட்டினார். 1975இல் பீட்டர் சிங்கரின் நூல் மிருக விடுதலையைப் பல்கலைக்கழகத் தத்துவத்தின் பொருளாக்கியது. 1976இல் பிபிசி தொலைக்காட்சியில் வீகன்கள் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைத்தார்கள். 1994 முதல் நவம்பர் முதல் தேதி உலக வீகன் தினமாயிற்று. 2020 ஜனவரியில் இங்கிலாந்தின் தொழில் தீர்ப்பாயம் ஒன்று, அறம் சார்ந்த வீகன் நெறி சட்டத்தின் பாதுகாப்புக்குரிய தத்துவ நம்பிக்கை என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை வாட்சன் காணவில்லை. ஏரிகள் சூழ்ந்த கெஸ்விக் என்ற ஊரில், மண்புழுக்கள் வெட்டுண்ணாதிருக்க மண்வெட்டியை விட்டுக் கவைக்கோலால் தோட்டம் கொத்தி, மலைகளில் நடந்து, 2005இல் 95ஆம் வயதில் காலமானார்.

இன்று பெரிய கம்பெனிகளெல்லாம் தாவரப்பாலை விற்கின்றன. விற்பனை பெருகினால் கொலை குறையும் என்ற நம்பிக்கையில் நியாயம் உண்டு. எனினும், பொருளை வாங்குவதே அறம் என்று மனம் சோம்பிவிடும் அபாயமும் அங்கேயே இருக்கிறது. காத்லீன் ஜான்னவே என்ற அம்மையார் 1980களிலேயே இதை உணர்ந்து, மரங்களையும் உள்ளூர் விளைச்சலையும் எளிய வாழ்வையும் வற்புறுத்தித் தனி இயக்கம் கண்டது இதனாலேயே.

நம் தேசத்துக்கு இந்தச் சரித்திரம் அந்நியமானதன்று. குறள் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறது. ஜீவகாருண்யத்தை மோட்ச வீட்டின் திறவுகோலாகவே வள்ளலார் போதித்தார். ஆயினும் நம் சைவ மரபு பாலைச் சாத்விகம் என்றே ஏற்றது. அபிஷேகத்துக்கும் அன்னத்துக்கும் அதையே தேர்ந்தது. கன்று குடித்தபின் மிஞ்சியதை வாங்கிக்கொண்ட வீட்டுத் தொழுவத்தின் நினைவு அந்த ஏற்புக்குப் பின்னால் இருந்தது. இன்று அந்தத் தொழுவம் எங்கே? 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் பயனாக, 1998 முதல் பால் உற்பத்தியில் இந்தியாவே உலகில் முதலிடம் வகிக்கிறது. எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் நாம் முன்னணியில் நிற்கிறோம். இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று எண்ணுகிறவர்கள், வற்றிய எருமையும் பிறந்த கடாக்கன்றும் எங்கே போகின்றன என்று விசாரிக்க வேண்டும். பசும்பொட்டு முத்திரையிட்ட உணவில் பால் இருக்கலாம் என்பதால், மிருகப் பொருள் எதுவும் சேராத உணவுக்கென்று தனி விதிகளும் முத்திரையும் 2022இல் இங்கும் வந்துவிட்டன. சட்டம் பார்த்துவிட்ட வேறுபாட்டை நம் மனச்சாட்சி பாராதிருக்கக் காரணமில்லை.

ஆடு மாடு இரண்டொன்றை வைத்துப் பிழைக்கும் ஏழை விதவையின் முன் நின்று யாரும் இந்த நெறியை ஆணையாக உச்சரிக்கக்கூடாது. அவளுக்கு வேறு ஜீவனம் அமைத்துத் தருவது சமூகத்தின் கடமை. ஆனால் தேர்ந்துகொள்ளும் வசதி படைத்தவர்களுக்கு, எள்ளும் கடலையும் பயறும் கீரையும் தேங்காய்ப்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு, அந்தச் சாக்கு இல்லை. இதை எழுதுகிறவனும் பால்சோற்றில் வளர்ந்தவனே. விடுவது எளிதென்று நான் சொல்லவில்லை. காந்திக்கே அது எளிதாக இல்லை. அவர் நமக்குக் காட்டியது வெற்றியை அன்று, நேர்மையை: இயலாதபோது இயலவில்லை என்று சொல்லி, அந்த இயலாமையை நியாயம் என்று பெயரிட்டு மூடாமல், விடையைத் தேடிக்கொண்டே இருந்த நேர்மையை. 25 சந்தாதாரர்களுக்காக இதழ் தைத்த மரவேலை ஆசிரியரிடமும், சோயாவோடு போராடிய கிராஸிடமும் இருந்தது அதே குணந்தான். உலகத்தில் வேறெவரையும்விட நமக்கு இந்த வினாவைக் கேட்கும் பொறுப்பு அதிகம் என்று நான் நம்புகிறேன். ஏனெனில், கொல்லாமையை அறங்களின் தலையில் வைத்த ஒரு மரபு நமக்குப் பெருமையை மட்டும் விட்டுச்செல்லவில்லை, பாலைப் பற்றியும் கணக்குக் கேட்கும் கடமையையும் சேர்த்தே விட்டுச்சென்றிருக்கிறது.